நடுச்சாமம் 1.3

மூன்று வாரமாக அந்த ஆபீஸில் ஒரே ஒருத்தியின் லேப்டாப்பில்தான் பில்டு ஓடியது. இது எல்லாருக்கும் தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர.

அவளைப் பில்டு அக்கா என்று கூப்பிடுவார்கள். எட்டுப் பேர் எட்டு மேஜையில் உட்கார்ந்து ஜாவாவில் எழுதித் தள்ளுவதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற ஒரு புரோகிராமாகக் கட்டுவதற்குப் பெயர்தான் பில்டு. பத்து வருஷமாக அது அவள் வேலை. கட்டும்போது எங்காவது இடித்தால் இடித்தவன் யார் என்று பார்த்து, அவன் மேஜைக்கே நடந்து போய், நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் வருவாள். அவள் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டாலே பாதிப் பேர் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொள்வார்கள்.

அதெல்லாம் முன்பு. ஐம்பத்து மூன்று நாளைக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, அவள் கணவன் குளித்துவிட்டு வந்து சட்டை மாட்டும்போது கீழே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அவனும் இதே ஆபீஸ்தான், ஜன்னல் ஓரத்து மூன்றாவது மேஜை. ஒரு மாத லீவு முடிந்து அவள் மட்டும் வேலைக்குத் திரும்பினாள். அவள் அழவில்லை. வீட்டிலும் அழவில்லை, ஆபீஸிலும் அழவில்லை. அழவில்லையே என்று பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். சரி.

திரும்பி வந்த முதல் நாளே கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சிஸ்டம்ஸ் அண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அவரோட லேப்டாப்பு இன்னும் உங்க வீட்டுல இருக்கும்மா. கணக்குல காட்டணும்."

"கொண்டு வந்திருக்கேன். பைல இருக்கு."

"உள்ள இருந்து ஏதாவது எடுத்துக்கணுமா? எடுக்கிறதா இருந்தா நான் ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரேன்."

"ஒண்ணும் இல்ல."

"அப்போ சுத்தமா அழிச்சிடட்டுமா?"

"சரி."

அதே நாள் மேனேஜரும் வந்தார். கெட்ட சேதி எதுவானாலும் "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். ஆபீஸுக்கு வெள்ளம் வந்தால்கூட அவருக்கு அது சின்ன விஷயம்தான். அவள் லீவில் இருந்தபோது பில்டுக்கென்று இருந்த பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதிது வைத்திருந்தார்கள். "புது மெஷின்ல ஏதோ சின்னக் கோளாறு. பசங்க பாத்துட்டிருக்காங்க. அதுவரைக்கும் உங்க லேப்டாப்புலயே ஓட்டிப் பாத்துக்கலாமா?" என்றார்.

"சரி."

பழைய பில்டு அக்காவாக இருந்திருந்தால் என்ன கோளாறு, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளாகப் பார்க்கிறார்கள் என்று குடைந்து எடுத்திருப்பாள். இவள் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் எல்லாருடைய வேலையையும் தன் லேப்டாப்பில் சேர்த்து ஓட்டினாள். ஓடியது. டெஸ்ட் செய்கிறவளும் நாற்காலியை இழுத்துப்போட்டு அதிலேயே பார்த்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் மெஷினில் ஓடவில்லை, புது மெஷினில் ஓடவே இல்லை. ஏன் என்றும் அவர்களுக்குத் தெரியும். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அவள் கணவனைப் பற்றிப் பேச வேண்டும். அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் அதற்கு வாய் வரவில்லை. நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனசை வைத்துக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் மறுபடி வந்தார்.

"ஒரு சின்ன விஷயம். பஸ் கம்பெனிக்கு இன்னைக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்புறது பில்டு மெஷின்ல கட்டினதா இருக்கணுமாம். ஒருத்தரோட சொந்த லேப்டாப்புல கட்டினா வாங்க மாட்டாங்களாம்."

பஸ் கம்பெனிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அறுநூறு டிரைவர்கள், கண்டக்டர்கள். யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போடுவது இவர்கள் புரோகிராம். திங்கள்கிழமை முதல் புது நேர அட்டவணை. இன்றைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை காலை அறுநூறு பேரும் டிப்போ வாசலில் நின்றுகொண்டு எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

"புது மெஷின்ல என்னதான் கோளாறு?" என்றாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

மேனேஜர் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தார். "ஏதோ கிடைக்கலைன்னு சொல்லுது. நீங்களே ஒரு தடவை பாத்திடுங்களேன்."

"சரி."

இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எந்தப் புரோகிராமும் முழுக்கச் சொந்தமாக எழுதியது இல்லை. தேதிக் கணக்குக்கு ஒன்று, அச்சடிக்க ஒன்று என்று யார் யாரோ எழுதி வைத்த லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். எது எது வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். பில்டு அந்தப் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகத் தேடும். முதலில் அந்தந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஒரு மறைவான ஃபோல்டரில். அது வீட்டு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் ஆபீஸின் பொதுக் கிடங்கில். அங்கேயும் இல்லையென்றால் இணையத்தில். எங்கேயும் இல்லையென்றால் சிவப்பில் ஒரு வரி போட்டுவிட்டுக் கையை விரித்துவிடும்.

அலமாரியில் சில சமயம் அரைகுறையாக இறங்கிய குப்பையும் கிடக்கும். அதனால் பில்டு இடித்தால் முதல் வேலை, அலமாரியை மொத்தமாகக் காலி செய்துவிட்டு மறுபடி ஓட்டுவது. எல்லாம் புதிதாகக் கிடங்கிலிருந்து இறங்கிக்கொள்ளும். இது அவள் சட்டம். அவள் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒன்று, அலமாரியைக் காலி பண்ணு. இரண்டு, மறுபடி ஓட்டு. மூன்று, அப்புறம் என்னிடம் வா.

புது மெஷினில் மற்றவர்கள் பார்ப்பதைத் தன் மெஷினிலும் பார்க்க வேண்டும், அதற்காகத் தன் அலமாரியைக் காலி செய்ய வேண்டும். மற்றவர்கள் மெஷினில் ஆயிரம் தடவை செய்த வேலை. அவள் விரல்கள் பாட்டுக்குத் தட்டின. கண் திரையில் இருந்தது, மனசு எங்கேயும் இல்லை.

எதிர் மேஜையில் ஒருவன் உண்டு. எதற்கும் நேரத்துக்கு வராததால் லேட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவன் தலையைத் தூக்கி அவள் திரையைப் பார்த்தான். நாற்காலி கவிழ எழுந்து ஓடி வந்தான்.

"அக்கா, அழிக்காதீங்க! அக்கா!"

அவள் ஏற்கெனவே என்டர் தட்டியிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

லேட்டு எட்டித் திரையைப் பார்த்தான். "ஒண்ணுமில்லக்கா. ஓட்டிப் பாருங்க."

ஓட்டினாள். நூற்றுப் பதினாறு லைப்ரரிகள் கிடங்கிலிருந்து சரசரவென்று இறங்கின. நூற்றுப் பதினேழாவதில் நின்றது. சிவப்பில் ஒரு வரி. நடுச்சாமம், பதிப்பு 1.3, எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவள் கணவன் வைத்த பெயர். இரவு பத்துக்கு வண்டியை எடுத்து காலை ஆறுக்கு விடும் டிரைவரின் வேலை எந்தத் தேதியில் சேரும் என்பதில் பழைய புரோகிராம் குழம்பித் தவித்தது. அதைச் சரிசெய்யத் தனியாக ஒரு குட்டி லைப்ரரி எழுதி, உலகத்தில் வேறு பெயரே இல்லாத மாதிரி அதற்கு நடுச்சாமம் என்று பெயர் வைத்தான். எழுதியதைப் பொதுக் கிடங்கில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. அவசரத்துக்குப் பழைய பில்டு மெஷினில் கையால் ஒரு நகல் போட்டுவிட்டு, நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான். இரண்டு வருஷமாக அந்த நாளை வரவே இல்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

லேட்டு தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா. உங்க மெஷின்ல மட்டும்தான் ஒரு காப்பி இருந்துது. கேட்டு வாங்கணும்னு தினமும் நினைப்போம். நீ கேளு, நீ கேளுன்னு..."

"அதைத்தான் இப்ப அழிச்சேனா?"

அவன் கவிழ்ந்து கிடந்த தன் நாற்காலியை நிமிர்த்தப் போனான்.

அவளுக்குத் தலையில் இடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. தன்னுடையதுதான், ஆனால் தெரியவில்லை. கணவன் சட்டைகள் பீரோவில் இருக்கின்றன, செருப்பு வாசலில் இருக்கிறது, அவற்றால் ஒரு வேலையும் நடக்கவில்லை. அவன் விட்டுப்போனதில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். அதை அவளே துடைத்து எறிந்துவிட்டாள். இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சிஸ்டம்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் அரை மணி நேரம் அவள் லேப்டாப்பைக் குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போனது போனதுதாம்மா. அந்த ஃபோல்டரை நாங்க பேக்கப்புல சேக்கிறதே இல்ல."

"பழைய பில்டு மெஷின்?"

"டிஸ்க்குல ஓட்டை போட்டுத்தான் வெளிய அனுப்பணும்னு ரூல். போட்டுட்டோம்."

"அவரோட லேப்டாப்பு? அவர் எழுதின மூல கோடு அதுலதான் இருந்திருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். "உங்களைக் கேட்டுட்டுத்தானேம்மா..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மேனேஜர் புதிதாக எழுதிவிடலாமா என்றார். எழுதலாம், லீவு நாள், ஓவர்டைம், பாதியில் ஆள் மாறுவது என்று எல்லாம் பார்த்து எழுத இரண்டு வாரமாகும் என்றான் லேட்டு. மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்.

ஒரு மணிக்கு மாமியார் போன் செய்தாள். தினமும் செய்வாள். மகன் போன பிறகு அவளுக்கு மருமகளும் பேத்தியும்தான் எல்லாம்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் அத்தை."

"பொய் சொல்லாத. டப்பாவை இங்கயே வச்சுட்டுப் போயிட்ட."

"சரி அத்தை."

"என்ன சரி? டப்பா இங்க இருக்குங்கிறேன், சரிங்கிறே."

டப்பா என்றதும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. மாமியாரிடம் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது புரோகிராமைத் தனியாக அனுப்புவதில்லை. அதற்கு வேண்டிய லைப்ரரிகள் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து, ஊருக்குப் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்டுவது போலப் பொட்டலமாகத்தான் கட்டி அனுப்புவார்கள். போன தடவை போன பொட்டலம் பழைய மெஷினில் கட்டியது. இங்கே அதன் நகல் இல்லை. ஆனால் பொட்டலம் போன இடத்தில் இருக்கும். டிப்போவில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிப்போவில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் எளிதில் மசிகிற ஆள் இல்லை. போனில் இரண்டு தடவை பேசியிருக்கிறாள், முகம் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் போனை எடுக்கவே மணி இரண்டே முக்கால் ஆனது.

"ஓடுற வண்டில கைய விடச் சொல்றீங்க," என்றார்.

"விட வேண்டாங்க. பாத்து ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தாப் போதும். எதுவும் நிக்காது."

"நின்னா நீங்களா வந்து டிரைவருங்களுக்குப் பதில் சொல்வீங்க?"

"சொல்றேன். ஃபோல்டரைத் திறங்க. உள்ள என்ன இருக்குன்னு படிங்க."

முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். மனிதர் எதையும் தாண்டிப் போகிற ரகம் இல்லை. பெயர், பதிப்பு, அளவு, தேதி, அத்தனையும் படித்தார். அவள் நடுவில் நிறுத்தவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைச் சுற்றி நாலு பேர் நின்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டியதும் அவர் குரல் நின்றது.

"நடு... நடுச்சாமமா? இது என்னம்மா பேரு?" சிரித்துவிட்டார். "இதுக்கெல்லாம் பேரு வைக்கிறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அவரே வச்சிருப்பாரே அப்போ. அவர்கிட்ட கேக்காம என் உசிரை ஏன் வாங்குறீங்க?"

ஐம்பத்து மூன்று நாளாக அவளிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. போயிட்டார், அப்படி ஆயிடுச்சு, நடந்தது நடந்துடுச்சு என்றுதான் சுற்றி வளைத்தார்கள். அவளும் சொன்னதில்லை.

"அவர் செத்துட்டார்," என்றாள்.

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அனுப்புறேம்மா. இருங்க, இப்பவே அனுப்புறேன்." தட்டிக்கொண்டே பேசினார். "முன்னெல்லாம் மாசம் பொறந்தா நைட் ஷிஃப்ட்டுக்காரங்க என் ரூமுக்கு வெளிய சண்டைக்கு நிப்பாங்க, சம்பளத்துல ஒரு நாள் குறையுதுன்னு. இந்த ரெண்டு வருஷமா ஒருத்தன் வரல. எதனாலன்னு எனக்கே தெரியாது. இதுதானா அது?"

"இதுதான்."

மூன்று மணி இருபதுக்குக் கோப்பு வந்து சேர்ந்தது. ஒரு சின்னப் புகைப்படத்தின் அளவுகூட இல்லை.

வெளியிலிருந்து வந்த எதையும் திறந்து பார்க்காமல் அவள் கிடங்கில் ஏற்ற மாட்டாள். அதுவும் அவள் சட்டம். திறந்தாள். இந்த மாதிரிக் கோப்புக்குள் ஒரு சிறு குறிப்பு இருக்கும். என்ன பதிப்பு, எந்த நாள் கட்டியது, யார் மெஷினில் கட்டியது என்று தானாகவே பதிவாகியிருக்கும். பதிப்பு 1.3. தேதி, இரண்டு வருஷம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டியவர் என்ற இடத்தில் அவன் பெயர் இல்லை. அவள் பெயர் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை நான் எப்போது கட்டினேன் என்று யோசித்தாள். அப்புறம் அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. அவன் லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தது. அவளுடையதை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மதியம் இரண்டு மணி ஆகியும் எழவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, மாமியார் சாப்பிடாமல் காத்திருந்தாள், மகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது. கிடங்குல ஏத்தணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் குடு தாயே," என்றான்.

அவன் அஞ்சு நிமிஷம் அந்த வீட்டில் பிரசித்தம். அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று கடைக்குப் போனால் சினிமா பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகும். கல்யாணத்தன்றே அஞ்சு நிமிஷம் என்று சொல்லி முக்கால் மணி நேரம் எல்லாரையும் காக்க வைத்தவன். அவளுக்குச் சுறுசுறுவென்று ஏறியது.

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? அத்தை காத்திட்டிருக்காங்க. மூடு முதல்ல."

அவன் முனகினான். அவளே போய் மூடியைப் படாரென்று சாத்திவிட்டு லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். நாளைக்குப் பாத்துக்கிறேன் என்றான்.

லேட்டு மெல்லக் கூப்பிட்டான். "அக்கா, மூணரை."

"சரி."

பொதுக் கிடங்கில் ஏற்றும் கட்டளையைத் தட்டினாள். ஒரு எழுத்துத் தப்பாமல் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள். என்டர் தட்டினாள். பச்சையில் நாலு வரி ஓடியது. வேலை முடிந்தது என்று வந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று கடைசியில் அதுவே கணக்குச் சொல்லும். நாற்பது விநாடி.

அவள் அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஏன்டா," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். எட்டு மேஜையிலும் தலைகள் திரும்பின. மேனேஜர் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றார்.

"நாப்பது செகண்டு வேலைடா இது. இதுக்குப் போயி எவனாவது அஞ்சு நிமிஷம்னு கேப்பானா?" ஜன்னல் ஓரத்து மூன்றாவது மேஜையைப் பார்த்துத்தான் கேட்டாள். பழைய நாளில் தப்புச் செய்தவன் மேஜைக்குப் போய்க் கேட்பாளே, அதே குரல். "நாப்பது செகண்டுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. நான் விட்டிருப்பேனேடா."

அழுகை அப்போதுதான் வந்தது. மூக்கெல்லாம் ஒழுகி, தோள் குலுங்கி, அசிங்கமாக வந்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை. லேட்டு மட்டும் தன் மேஜையில் இருந்த கைக்குட்டையை எடுத்து, அது துவைத்ததா இல்லையா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் அதில் மூக்கைச் சிந்திவிட்டுப் புது மெஷினில் பில்டைத் தட்டினாள்.

நூற்றுப் பதினேழும் கிடைத்தன. பொட்டலத்தைக் கட்டி அனுப்பும்போதும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு.